யாரும் தேடாத பிறை

வாப்பா உம்மாவுக்குத் தலாக் சொன்ன மாலையில் தென்னந்தோப்புக்கு மேலே முஹர்ரம் பிறை நின்றது. பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு நேராக முற்றத்துக்கு வந்தார். உம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிலி சாச்சி அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். வாப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சொல்ல வந்ததை ஒரே ஒரு தடவை சொன்னார். டவுனுக்குப் போகும் கடைசி வண்டி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

"வண்டியை விட்டுடக் கூடாதுன்னு என்ன அவசரம் பாரு உன் புருஷன் மகாமேக்கு," என்றாள் பிலி சாச்சி. "இருபத்தாறு வருஷத்தை டிக்கெட் மாதிரி கிழிச்சுப் போட்டுட்டுப் போறான்."

உம்மா கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள். அப்புறம் நிமிர்ந்து பிறையைப் பார்த்தாள். ஒரு கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

டவுனில் வாப்பாவுக்கு இளம் மனைவி ஒருத்தி இருந்தாள். எங்கள் ஊரில் இரண்டு மனைவி வைத்திருப்பவர்கள் யாரும் முதல் மனைவியைத் தள்ளிவிடுவதில்லை. டவுன்காரி அப்படிக் கேட்டாள். வாப்பா அப்படிச் செய்தார். அவ்வளவுதான்.

உம்மாவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. அப்படிப்பட்டவளுக்கு இத்தா, தலாக்குக்குப் பின் காத்திருக்க வேண்டிய காலம், மூன்று நிலா. ஒரு தடவைதான் சொன்னார் என்பதால், அந்த மூன்று நிலாவுக்குள் வாப்பா மனம் மாறினால் பள்ளிவாசல் மாலிமுக்கு முன்னால் வந்து "மீட்டுக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உம்மாவிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. நான்காவது பிறை கண்ணில் பட்டுவிட்டால் அந்த வார்த்தை செல்லாது. தலாக் விழுந்ததும் பிறை தெரிந்த அன்றே என்பதால் கணக்கில் குழப்பமே இல்லை. நாங்கள் வளர்க்கும் கடல்பாசியைக் கயிற்றில் கட்டும் நாரில் ஒன்றை எடுத்துக் கதவு நிலையின் ஆணியில் முடிந்தாள் உம்மா. அது முதல் நிலா.

நிலாவைப் பற்றி எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லிக்கொள்ள இப்போது பிடிக்கவில்லை. ஆனால் தெரியாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கடல் கிழக்கே, தோப்பு மேற்கே. பிறக்கிற நிலா மேற்கே தோப்பின் மேல் தெரியும். அதைப் பள்ளிவாசல் பக்கமிருந்து ஆண்கள் பார்ப்பார்கள். சாகிற நிலா விடியற்காலையில் கிழக்கே கடலிலிருந்து எழும்பும்; அதைப் பார்க்க யாருமில்லை, பாசி வேலைக்குப் போகும் பெண்களைத் தவிர. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வெகுதூரம் வற்றிப்போகும். அப்போதுதான் நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் குச்சி அடித்து, கயிறு இழுத்து, பாசித் துண்டுகளை நாரால் கட்டுவோம். பாதி நிலா நாட்களில் கடல் வற்றாது. செத்த தண்ணீர் என்று சொல்லிவிட்டு வீட்டில் துணி துவைப்போம்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் ஒரு நாள், பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று கரும்பலகையில் எழுதினார். அது தப்பென்று நான் பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். வாத்தியார் காதில் விழுந்துவிட்டது.

"என்னம்மா அங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

எழுந்து நின்றேன். "பகல்ல பாதி நிலா நிக்கும்போது சூரியனும் கூடவே நிக்குது சார். அப்ப நடுவுல பூமி எப்படி வரும்?"

"ஓ! பாசிக்காரி பாடம் எடுக்க வந்துட்டா! வா, வந்து என் நாற்காலியில உக்காரு."

வகுப்பே சிரித்தது. நிஜமாகவே என்னை அந்த நாற்காலியில் மணியடிக்கும் வரை உட்காரவைத்தார். அடுத்த நாள் பாசிக்கு ஆள் வேண்டும் என்று நானே உம்மாவிடம் சொல்லிக்கொண்டு பள்ளியிலிருந்து நின்றேன். உம்மா ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஆனால் கேள்வி என்னைவிட்டு நிற்கவில்லை. ஒரு நாள் காலை, சூரியன் கடலுக்குச் சற்று மேலே இருந்தபோது, பாசிக்கயிற்றின் வெள்ளை மிதவை ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்தேன். சூரியன் பக்கம் நீட்டினால் என் பக்கம் முழுக்க இருட்டு. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் ஒரு கீற்று. பக்கவாட்டில் பாதி. சூரியனுக்கு முதுகைக் காட்டித் தலைக்கு மேலே தூக்கினால் முழு வெள்ளை. அதே மிதவை, அதே சூரியன். மிதவை எதையும் இழக்கவில்லை. நான் நிற்கிற இடம்தான் மாறுகிறது. தண்ணீரில் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். "மிஸேக்குப் பேய் புடிச்சிருச்சு," என்று பிலி சாச்சி என்னைக் காட்டிக் கத்தினாள்.

அதிலிருந்து சமையல்கட்டின் சுண்ணாம்புச் சுவரில் தினமும் ஒரு நிலாவைக் கரியால் வரைந்தேன். ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை. விடியலில் பார்த்தது கோட்டுக்குக் கீழே, மாலையில் பார்த்தது கோட்டுக்கு மேலே. பார்க்காத நாளுக்கு ஒரு புள்ளி.

போன வருடம் நோன்பு முடியும் சமயம். இருபத்தொன்பதாம் நாள் மாலை நாலைந்து பையன்கள் மைதானத்திலிருந்து "பிறை! பிறை!" என்று ஓடிவந்தார்கள். நாளைக்கே பெருநாள் என்று ஊர் முழுக்கக் கூச்சல். நான் பிலி சாச்சியிடம் மட்டும் சொன்னேன்: "இருக்காது சாச்சி. இன்னிக்குச் சுபுஹு நேரத்துல கிழக்கே பழைய நிலாவைப் பார்த்தேன். காலையில சூரியனுக்கு முன்னாடி போற நிலா, அன்னிக்கு சாயங்காலமே சூரியனுக்குப் பின்னாடி வந்து நிக்க முடியாது. அதுக்கு ஒரு நாளாவது வேணும்."

பிலி சாச்சியிடம் ஒன்றைச் சொல்வது ஊர் ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் சமம். மாலிம் உஸ்ஸியே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர்தான் எங்கள் பள்ளிவாசலில் தொழவைப்பவர், குர்ஆன் சொல்லிக்கொடுப்பவர், மணமுடிப்பதும் பிரிப்பதும் அவர் வாயால்தான். சுவருக்கு முன்னால் நின்று தாடியை உருவிக்கொண்டே வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் நீயா வரைஞ்சே?"

தலையாட்டினேன்.

"ஒரு நாள்கூடத் தப்பலையே," என்றார். பையன்களை நம்பவில்லை. ஊர் இன்னொரு நோன்பு பிடித்தது. ராத்திரி வானொலியிலும் பிறை எங்கும் தென்படவில்லை என்றே வந்தது. பெருநாள் தொழுகை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் மாலிம் சொன்னார்: "இனி யாராவது பிறை பார்த்தேன்னு வந்தா, முதல்ல கஸீஜா மகள்கிட்ட விடியக்காலைச் சேதி கேப்போம். காலையில கடல்ல பார்த்த நிலா, அன்னிக்கே தோப்புல தெரியாது."

பெண்கள் பகுதியிலிருந்து அதைக் கேட்டேன். நாற்காலியில் உட்காரவைத்த வாத்தியாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களில் அது ஒன்று. அதை இப்போது நினைத்தால் நாக்கில் கசக்கிறது.

உம்மாவின் மூன்று நிலாக்களைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நிலாவில் அவள் கட்டிலின் ஓரத்திலேயே படுத்தாள். இரண்டாம் நிலாவில் நடுவில் படுத்தாள். பேய்க்கணவாய் சமைத்தால் பெரிய கால்களை வாப்பாவுக்கென்று எடுத்து வைக்காமல் தானே தின்றாள். இத்தாவில் இருப்பவள் வீட்டோடு இருக்க வேண்டும். ஆனால் சோறு போட வேறு ஆளில்லை என்பதால் பாசிக்குப் போய்வர மாலிம் அனுமதித்திருந்தார். போனோம், வந்தோம். வழியில் உம்மா ஒரு நாள் சிரித்தாள். எதற்கென்று நினைவில்லை. அவள் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

கரையோரத் தண்ணீர் சில வருடங்களாகச் சூடாகிவிட்டது. நல்ல பாசி அங்கே வெளுத்து அழுகுகிறது. ஆழத்தில்தான் வளரும். ஆழத்துக்கு நீச்சல் வேண்டும். எங்கள் பெண்களுக்கு நீச்சல் கிடையாது; கடலிலேயே வாழ்ந்தும் கழுத்துக்கு மேல் தண்ணீரைப் பார்த்தவர்கள் இல்லை. பிலி சாச்சியும் ஆறேழு பேரும் துணிந்து கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இத்தா முடியட்டும் கஸீஜா, அடுத்த நாளே உன்னை ஆழத்துல தள்ளிவிடுறேன்," என்பாள் பிலி சாச்சி.

"தள்ளிவிட்டா கல்லு மாதிரி போயிடுவேன்டி."

"போ. போய் அடியிலயே உக்காந்து பாசி கட்டு. மேல வந்து என்ன கண்டே?"

உம்மா தனக்கென்று ஆறு கயிறுகள் முறுக்கி வைத்திருந்தாள். வாப்பாவின் பழைய வலையைப் பிரித்து எடுத்த நூல். ஆழத்துக்கான கயிறுகள். கதவு ஆணியில் இரண்டாவது நார், மூன்றாவது நார் ஏறியது. அந்த மூன்றாவது, நபி பிறந்த மவ்லிது மாதம். அதுவும் முடியப்போனது. இனி வரப்போவது நோன்புப் பிறையும் இல்லை, ஹஜ்ஜுப் பிறையும் இல்லை. வானொலி அறிவிக்காது. பையன்கள் மைதானத்துக்குப் போகமாட்டார்கள். ஊரில் யாருக்கும் வேண்டாத பிறை. உம்மா ஒருத்திக்கு மட்டும் வேண்டிய பிறை.

இருபத்தொன்பதாம் நாள் விடியற்காலை, காயப்போட்ட பாசி மேல் மூடியிருந்த ஓலைப்பாயை எடுக்க நான் தனியாகக் கரைக்குப் போனேன். கடல் அப்போதுதான் வற்றத் தொடங்கியிருந்தது. வெளுக்கிற வானத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, அது இருந்தது. ஒரு தலைமுடியை வளைத்து வைத்த மாதிரி. அதைவிட மெல்லிய நிலாவை நான் அதுவரை பார்த்ததில்லை. சூரியன் வந்து அதை அழிக்கும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து கரியை எடுத்து, கோட்டுக்குக் கீழே வரைந்தேன். அவ்வளவு மெல்லிசாகக் கரியால் வராது. மூன்று தடவை அழித்து நான்காவது தடவை சரியாக வந்தது.

"இன்னிக்கு வராது உம்மா," என்றேன். "நாளைக்குத்தான்."

"ஒரு நாள்தானே," என்றாள் உம்மா. "எண்பத்தொன்பது நாள் இருந்தேன்." அடுப்பை ஊதினாள். "மழைக்காலமும் இல்லை. நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்ல?"

"தெரியும்."

வாப்பாவைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. அவருக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் டவுன்காரி இருக்கிறாளே.

அன்று மஃரிப் தொழுகை முடிந்து, மேற்கே சிவப்பு இன்னும் மிச்சமிருக்கும்போது, டவுன் வண்டி வந்து நின்றது. நடத்துநரும், வண்டியைக் கண்டு ஓடிப்போன என் சின்ன வாப்பா வுவாயும் ஒருவரைத் தோளில் தாங்கி இறக்கினார்கள். வலது கால் பாதம் முழுக்கக் கட்டு. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு மொண்ணையாக முடிந்தது. வாப்பா பாதியாக இளைத்திருந்தார். நேராகப் பள்ளிவாசல் வாசலுக்குத்தான் போனார்கள்.

டவுன்காரி முந்தின நாள் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். விரல்களை எடுத்த புண்ணைத் தினமும் இரண்டு தடவை கழுவ வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் போய்விட்டாளாம். வாப்பா தன் போன் நாட்காட்டியில் மூன்று மாதம் எண்ணிப் பார்த்து, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று நிதானமாகக் கிளம்பி வந்திருந்தார். நிலா மாதம் அதைவிடக் குட்டை என்பதை அவர் மறந்துவிட்டார். ஆனால் அந்த மறதி அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

"கஸீஜாவை மீட்டுக்க வந்திருக்கேன்," என்று அவர் மாலிமிடம் சொன்னதைப் பிலி சாச்சி கேட்டுவிட்டாள். தலைத்துணி நழுவ எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"கஸீஜா! வந்துட்டான்டி! புழுத்த காலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்!"

உம்மா கையில் அகப்பை இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"பிறை பார்த்துட்டோம்," என்றாள் பிலி சாச்சி. "புரியுதா? நாம மைதானத்து ஓரமா போனோம். தோப்புக்கு மேல பார்த்தோம். நீ பார்க்கலன்னாலும் பரவாயில்ல, நான் பார்த்தேன். மிஸே, நீயும் பார்த்தே."

என்னைப் பார்த்தாள். உம்மாவும் பார்த்தாள். உம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பார்த்தேன்," என்றேன்.

பள்ளிவாசல் வாசலில் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். வாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். காலிலிருந்து வாடை வந்தது. மாலிம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு இருபத்தொம்பது," என்றார் மாலிம். "பிறை தெரிஞ்சிருந்தா இத்தா முடிஞ்சது, மகாமே, உனக்குப் பேச்சு இல்லை. தெரியலைன்னா நாளைக்கு மஃரிப் வரைக்கும் உன் கையில."

"தெரிஞ்சுது மாலிம்!" பிலி சாச்சி முன்னால் போய் நின்றாள். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"நாங்க யாரும் பார்க்கலையே," என்றார் வுவாய்.

"நீங்க எப்படிப் பார்ப்பீங்க? பந்தாட்டம் பார்க்குறதுக்கு டிவியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பிறை என்ன கோல் போஸ்டுலயா வரும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாலிமும் லேசாகச் சிரித்தார். "இத்தா விஷயத்துல பெண்கள் சாட்சி எனக்குப் போதும். எப்படி இருந்துச்சு பிலி?"

"எப்படின்னா? பிறை மாதிரிதான்." பிலி சாச்சி விரலால் காற்றில் வரைந்தாள். நட்டமாக நிற்கிற வளைவு. பள்ளிவாசல் மினாரா உச்சியில் இருக்கிற தகரப் பிறையைப் போல.

வுவாய் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "மினாராவைப் பார்த்துட்டு வந்திருக்கா! ஏ பிலி, நம்ம ஊர்ப் பிறை என்னிக்கு எழுந்து நின்னிருக்கு? அது மல்லாந்து படுத்தில்ல கிடக்கும்!"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பிலி சாச்சியின் கை அந்தரத்திலேயே நின்றது. அவள் பாசிக்காரிதான், தினமும் வானத்துக்குக் கீழே நிற்பவள்தான். ஆனால் தேவையில்லாததைப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

"நானும் பார்த்தேன்," என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் பேசி அந்த ஊர் கேட்டதே இல்லை.

"எப்படி இருந்துச்சு மிஸே?" மாலிமின் குரல் மாறியது. மரியாதையாகக் கேட்டார்.

"படகு மாதிரி. அடிவயிறு சூரியன் போன பக்கம், கீழே. ரெண்டு கொம்பும் மேலே, தெற்குக் கொம்பு கொஞ்சம் ஒசந்து. மூணாவது தென்னைக்கும் ரெட்டைத் தென்னைக்கும் நடுவுல. கொஞ்ச நேரம்தான். அப்புறம் மறைஞ்சிடுச்சு."

அடுத்த நாள் மாலை அது எப்படி, எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதை ஒரு நாள் முன்னால் இழுத்து, கொஞ்சம் கீழே இறக்கிச் சொன்னேன். அப்படிச் சொல்ல அந்த ஊரில் என்னைத் தவிர ஒருவரால் முடியாது. சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாலிம் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றா." வாப்பாவைப் பார்த்தார். "மகாமே..."

வாப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "என் பொண்ணுதானே. அவ உம்மாவுக்குச் சாதகமாத்தான் பேசுவா. விடியக்காலைச் சேதி கேக்குறதுன்னு நீங்கதானே மாலிம் சட்டம் போட்டீங்க? பெருநாளைக்கு நானும்தான் அங்க நின்னேன். கேளுங்க."

மாலிம் என்னிடம் திரும்பினார். "ஆமா. காலையில கடல்ல நிலா பார்த்தியா?"

"இல்லை."

"கரைக்குப் போனியா?"

"போனேன். மேகமா இருந்துச்சு."

"நான் சுபுஹுக்கு வரும்போது மேகம் இல்லையே மகளே," என்றார் மாலிம், சந்தேகமாக அல்ல, நினைவுபடுத்திக்கொள்வது போல. "சரி, அதுக்கென்ன. உன் சுவர் இருக்குதே. வா, பார்த்துட்டா முடிஞ்சுபோச்சு. யாரும் நாளைக்கு ஒண்ணும் பேச முடியாது."

அவர் உம்மாவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சுவர் பொய் சொல்லாது என்று நம்பினார்.

நான் ஓடினேன். பள்ளிவாசலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நூறடிதான். சமையல்கட்டில் விளக்கு எரிந்தது. உம்மா அடுப்பருகே அப்படியே நின்றாள், அகப்பையோடு. நான் குடத்தில் கையை முக்கி, கடைசி வரிசையின் கடைசி நிலாவை உள்ளங்கையால் தேய்த்தேன். காலையில் நான்கு முறை முயன்று வரைந்தது ஒரே தேய்ப்பில் போய்விட்டது. கரித்தண்ணீர் சுவரில் ஒரு கோடாக வழிந்தது. அதையும் துடைத்தேன். இன்னும் பரவியது. புள்ளி வைக்க வேண்டும். பார்க்காத நாளுக்குப் புள்ளி. கரித்துண்டைத் தேடினேன். ஈரச் சுவரில் கரி ஒட்டவில்லை.

வாசலில் மாலிம் செருமினார். அனுமதி கேட்டு உள்ளே வந்தார். பின்னால் வுவாய், அவர் தோளில் வாப்பா. மாலிம் போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, பழைய வரிசைகளை மெதுவாகக் கடந்து, கடைசிக்கு வந்தார்.

எண்பத்தெட்டு நாட்கள் சுத்தமாக இருந்தன. எண்பத்தொன்பதாவது, கோட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஈரமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது.

மாலிம் அந்த ஈரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மிஸே," என்றார் மாலிம். "கையைக் காட்டு."

காட்டினேன். வேறு என்ன செய்வது? கறுப்பாக இருந்தது.

மாலிம் போன் வெளிச்சத்தை அணைத்தார். உம்மா பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "நான் என்ன செய்யட்டும் கஸீஜா. நானா முடிவு பண்றேன்? நிலா சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

"நீ பிறை பார்த்தியான்னு அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" பிலி சாச்சி வெளியே நின்று கத்தினாள். "அவகிட்ட எதையாச்சும் கேட்டீங்களாடா?"

அதற்காக மாலிம் கேட்டார். "கஸீஜா, நீ பார்த்தியா?"

"நான் மேல பார்க்கல," என்றாள் உம்மா. "கிழங்கு வெந்துக்கிட்டு இருந்துச்சு."

வாப்பா வுவாயின் தோளைப் பிடித்து நிமிர்ந்து நின்றார். "கஸீஜா, உன்னை மீட்டுக்கிட்டேன்," என்றார். மாலிம் கேட்டார், வுவாய் கேட்டார். சாட்சிக்கு அது போதும்.

"தண்ணி கொண்டா," என்றார் வாப்பா அடுத்ததாக. "வண்டியில ஏறினதுலேர்ந்து நாக்கு வறண்டு கிடக்கு."

உம்மா குடத்திலிருந்து மொண்டாள். நான் கையை முக்கிய அதே தண்ணீர். வெளியே கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மறுநாள் மாலை பிறை வந்தது. மூன்றாவது தென்னைக்கும் ரெட்டைத் தென்னைக்கும் நடுவில், படகு மாதிரி, தெற்குக் கொம்பு சற்று உயர்ந்து. பார்க்காமல் சொன்னது அப்படியே இருந்தது. கேட்காதவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஆட்டுக்குத் தழை கொண்டுபோன கிழவர்கூட நின்று "பிறை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் உம்மா உள்ளே வாப்பாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டை இறுக்கிக் கட்ட ஏதாவது வேண்டியிருந்தது. எழுந்து வந்து கதவு ஆணியிலிருந்து மூன்று நார்களையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நிலா போய்விட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை புண் கழுவ வேண்டும் என்பதால் கடல் வற்றுகிற நேரத்தில் உம்மாவால் வர முடிவதில்லை. நான் மட்டும் போகிறேன். ஆழத்துக்கான ஆறு கயிறுகளைப் பிலி சாச்சிக்குக் கொடுத்துவிட்டாள். சாச்சி இப்போது நன்றாக நீந்துகிறாள். தலை மட்டும் தெரிய, வெள்ளை மிதவைகளுக்கு நடுவே போய்வருகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்போலில்லை. நாளைக்குத் தண்ணீர் எப்போது வற்றும் என்று பெண்கள் முன்பு என்னைத்தான் கேட்பார்கள். இப்போது யாரோ ஒருத்தியின் போனைக் கேட்கிறார்கள். போனும் சரியாகத்தான் சொல்கிறது.

கரிச்சுவர் வீட்டுக்கு நல்லதில்லை என்று வாப்பா சொன்னதால் அதற்குச் சுண்ணாம்பு அடித்தோம். நானும் உம்மாவும்தான் அடித்தோம். கடைசி வரிசைக்கு வந்தபோது உம்மா சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்த ஈரத் தடம் காய்ந்து, கை வடிவில் சாம்பலாகப் படிந்திருந்தது. அதுவரை அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்டதில்லை.

"மிஸே."

"ம்?"

"அன்னிக்குக் காலையில பார்த்தியே. அது பார்க்க நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்குப் பொய் சரியாக வருவதில்லை.

"இருந்துச்சு உம்மா," என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

உம்மா மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, அந்த இடத்தின் மேல் இழுத்தாள். ஒரு தடவை போதவில்லை. இரண்டாவது தடவை இழுத்தாள். உள்ளேயிருந்து வாப்பா கூப்பிட்டார்.

"மிச்சத்தை நீ அடி," என்று மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.